காயிலுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது? – எலக்ட்ரிக் கிடார் பிக்கப் வகைகள்

(எலக்ட்ரிக்கல் & எலக்ட்ரானிக்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நமக்குக் கவிதை வராது. அதனால் எனக்கு நேர்ந்த ஒரு அவமானத்தையே பாடமாக எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. சிரித்து முடித்த பிறகு பாடத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

என் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கடைக்கு யார் வந்தாலும் "பையன் கரண்ட் படிப்பு படிக்கிறான்" என்று சொல்லாமல் அப்பா விடமாட்டார்.

போன வருஷம் திருவிழா சீசனில், மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒரு அண்ணன் எலக்ட்ரிக் கிடாரோடு கடைக்கு வந்தார். அதிலிருந்த மூன்று பிக்கப்பில் ஒன்று பேசவில்லை. ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, "காயில் கட்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வருவது இரண்டே ஒயர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, இந்தக் காயிலுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது?"

"ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து வரும்ப்பா" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

கிடார் அண்ணன் சிரித்துவிட்டார். "இங்கேயிருந்துதான் தம்பி ஆம்ப்ளிஃபையருக்கே போகுது!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஃபாரடே விதியை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அந்த விதி என் கண் முன்னால் மேஜை மேல் கிடந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்ததும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

1. பிக்கப் எப்படி வேலை செய்கிறது?

1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது நமக்கெல்லாம் மனப்பாடம். ஒரு சுருளுக்குள் செல்லும் காந்தப் பாயம் மாறினால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, எத்தனை சுற்று இருக்கிறதோ, அவ்வளவு அழுத்தம் கிடைக்கும்.

பிக்கப்பில் காந்தமும் அசையாது, சுருளும் அசையாது. அப்புறம் எது மாறுகிறது? மேலே இருக்கும் எஃகுக் கம்பி! நிலைக்காந்தம் தனக்கு நேர் மேலே இருக்கும் கம்பித் துண்டையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பியை மீட்டினால் அது ஆடுகிறது. பாயமும் கூடவே ஆடுகிறது. சுருளில் அதே அதிர்வெண்ணில் அழுத்தம் பிறக்கிறது. தடித்த ஈ கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை ஆடினால் 82 ஹெர்ட்ஸ் சிக்னல். மெல்லிய ஈ கம்பி என்றால் சுமார் 330 ஹெர்ட்ஸ். மைக் மாதிரி காற்றில் வரும் சத்தத்தை இது கேட்பதில்லை. கம்பியின் ஆட்டத்தையே நேராக மின்சாரமாக்குகிறது.

கிடைக்கும் அழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து சில நூறு மில்லிவோல்ட் வரைதான். அதனால்தான் ஆயிரக்கணக்கில் சுற்று தேவைப்படுகிறது.

இதை முதலில் உருப்படியாகச் செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் பூஷாம். அவர் எஞ்சினியர் அல்ல, கிடார் வாசிக்கிறவர். பெரிய வாத்தியக் கோஷ்டியில் கிடார் சத்தம் எடுபடாத காலம் அது. இரவு வகுப்பில் மின்னியல் படித்து, குதிரை லாட வடிவக் காந்தத்தை வைத்து 1931ல் பிக்கப் செய்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அடுத்த வருஷமே கிடாராக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலுமினியத்தில் வார்த்த அந்த வாத்தியத்துக்கு அங்கே வைத்த செல்லப் பெயர் 'பொரிக்கும் சட்டி'! 1934ல் விண்ணப்பித்த காப்புரிமை 1937ல் கிடைத்தது.

2. ஒற்றைச் சுருள் பிக்கப்

ஒரே காயில் உள்ள வகை இது. ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர், 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றில் இருப்பது இதுதான். கிப்சன் கம்பெனி 1946ல் கொண்டுவந்த பி-90 என்பதும் ஒற்றைச் சுருள்தான். ஆனால் அகலமான சுருள், கனமான சத்தம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் ஆறு கம்பிக்கு ஆறு சிறிய அல்நிகோ காந்தத் தண்டுகள் உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்த உலோகம்தான் அல்நிகோ. அந்தத் தண்டுகளைச் சுற்றி ஏறக்குறைய 7,600 முதல் 8,000 சுற்று வரை எனாமல் செம்புக் கம்பி. அதன் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், நம்ம கடைக் கணக்கில் 46 கேஜுக்குப் பக்கம். தலைமுடி கனம்தான். ஒரு பிக்கப்பில் இருப்பதை அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்! மீட்டரில் பார்த்தால் சுமார் 6 கிலோ ஓம் காட்டும்.

சத்தம் கணீரென்று, பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரு பெரிய குறை, ஹம். இந்தச் சுருளுக்குக் கிடார் கம்பியின் ஆட்டமும் ஒன்றுதான், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுப் பாயமும் ஒன்றுதான். இரண்டையும் வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும். மேடையில் சீரியல் செட், டியூப் லைட் சோக் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், 'உம்ம்ம்' என்று உறுமும்.

ஃபில்டர் போட்டு 50 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 50 மட்டும் வந்தால் சரி. அதன் ஹார்மோனிக்ஸ் 100, 150 என்று கூடவே வருகின்றன. கிடாரின் ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ், டி கம்பி சுமார் 147 ஹெர்ட்ஸ். ஹம்மை வெட்டப் போனால் பாட்டும் சேர்ந்து வெட்டுப்படும்.

3. ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள்

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் கிப்சன் கம்பெனி எஞ்சினியர் செத் லவர். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957ல் கிடாரில் வந்தது, 1959ல் காப்புரிமை கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டி வந்த பிக்கப்புகளை இன்றைக்கும் பி.ஏ.எஃப். என்று சொல்லித் தேடி வாங்குகிறார்கள்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இரண்டு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் மேலே வடதுருவம், இன்னொன்றில் மேலே தென்துருவம். இரண்டும் சீரீஸில், ஆனால் ஒன்று மற்றதற்கு எதிர்த் திசையில்.

ஹம் வெளியிலிருந்து வருகிறது. அதற்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. சுருளின் திசை மட்டும்தான் அதற்குக் கணக்கு. ஒன்றில் ப்ளஸ், மற்றதில் மைனஸ். கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கம்.

கம்பியின் சிக்னலோ காந்தத்தால் பிறப்பது. காந்தம் மாறியதால் ஒரு மைனஸ், சுற்றுத் திசை மாறியதால் இன்னொரு மைனஸ். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ்! இரண்டு சிக்னலும் கூடிப் பெரிதாகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். அதில் ஒரு காப்புரிமையே இருக்கிறது பாருங்கள்.

ஒவ்வொரு சுருளிலும் சுமார் 5,000 சுற்று, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 8 கிலோ ஓம். சத்தம் தடிமனாக, இதமாக இருக்கும். ராக் வாசிப்பவர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான்.

4. சத்தம் ஏன் வேறுபடுகிறது? சின்னக் கணக்கு

பிக்கப் ஒரு பெரிய இண்டக்டர். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிள் ஒரு கெபாசிட்டர். இரண்டும் சேர்ந்தால் ரெசொனன்ஸ். அந்த அதிர்வெண்ணில் சிக்னல் தூக்கலாக இருக்கும். அதற்கு மேலே சரிந்துவிடும். கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்து, காயிலின் சொந்தக் கெபாசிட்டன்ஸை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன்:

• ஒற்றைச் சுருள் 2.5 ஹென்றி, 5 மீட்டர் கேபிள்: சுமார் 4,500 ஹெர்ட்ஸ்.
• அதே பிக்கப், 10 மீட்டர் கேபிள்: சுமார் 3,180 ஹெர்ட்ஸ்.
• ஹம்பக்கர் 4.5 ஹென்றி, 5 மீட்டர் கேபிள்: சுமார் 3,350 ஹெர்ட்ஸ்.

ஹம்பக்கர் சத்தம் ஏன் மந்தமாக, இதமாக இருக்கிறது என்பது புரிகிறதா? கேபிள் நீளமானால் பளிச் குறைவதற்கும் இதுதான் காரணம். பரீட்சையில் ரெசொனன்ஸ் கணக்கு வந்தால் இனிமேல் எனக்குக் கிடார்தான் ஞாபகம் வரும்.

5. ஆக்டிவ் பிக்கப்

இதிலும் காந்தமும் சுருளும்தான். ஆனால் சுற்று குறைவு, உள்ளேயே ஒரு சிறிய ப்ரீஆம்ப்ளிஃபையர் உண்டு. பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி. வெளியே வரும் இம்பிடன்ஸ் குறைவு என்பதால் நீளமான கேபிள் போட்டாலும் சத்தம் அவ்வளவாக மங்காது, இரைச்சலும் குறைவு. இ.எம்.ஜி. கம்பெனி பிக்கப்புகள் இந்த வகையில் பேர் போனவை. பேட்டரி இறங்கினால் கச்சேரி நடுவில் கை விட்டுவிடும், அதுதான் பயம்.

6. பீசோ பிக்கப்

நைலான் கம்பி போட்ட கிடாருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. நைலானைக் காந்தம் என்ன செய்யும்? அங்கே பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880ல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பி உட்காரும் கட்டைக்கு அடியில் அந்தப் பட்டையை வைத்தால், கம்பியின் அதிர்வு அழுத்தமாகி மின்சாரமாகிறது. இதன் இம்பிடன்ஸ் மிக அதிகம். அதனால் குறைந்தது 1 மெகா ஓம் இன்புட் இம்பிடன்ஸ் உள்ள ப்ரீஆம்ப் வேண்டும். இல்லாவிட்டால் அடித்தொனி காணாமல் போய்ச் சத்தம் தகரம் மாதிரி வரும்.

7. கையில் பிக்கப் கிடைத்தால்

• மீட்டரைக் கிலோ ஓமில் வைத்துப் பாருங்கள். 5 முதல் 9 வரை காட்டினால் பெரும்பாலும் நல்லது. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் கட். ஆக்டிவுக்கும் பீசோவுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.
• ஸ்க்ரூ டிரைவர் நுனியைக் காயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முடிக் கனக் கம்பி, ஒரு உரசலில் போய்விடும்.
• பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்ப நெருக்கமாக உயர்த்தக் கூடாது. காந்தம் கம்பியை இழுத்துச் சுருதி கெடும்.

இனி விட்ட கதைக்கு வருகிறேன். பழைய காயிலைப் பார்த்து அப்பா கேஜ் கண்டுபிடித்தார். அந்தக் கம்பியைத் தேடி வாங்கி, கவுண்டர் வைத்த கை மெஷினில், மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினார். இரண்டு தடவை பாதியில் அறுந்தது. மூன்றாவது தடவை 7,600 வரை வந்தது. சால்டர் வைத்தது நான்.

அந்தப் பிக்கப்பைத் தனியாக வாசித்தால் அருமை. பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்து வாசித்தால் சத்தம் மெலிந்து, மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் முகம் வாடிவிட்டது, மறுநாள் கச்சேரி. நான் புத்தகத்தைத் தேடி ஓடினேன். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"முனை மாறிப்போச்சு. ரெண்டையும் மாத்திப் போடு."

மாற்றிப் போட்டேன். சத்தம் நிறைந்து வந்தது! காயிலின் ஆரம்பமும் முடிவும் மாறினால் மோட்டார் உறுமும் என்பதை அப்பா முப்பது வருஷமாகக் கையால் தெரிந்தவர். ஃபேஸ் என்ற வார்த்தைதான் அவருக்குத் தெரியாது. செத் லவரின் இரண்டு மைனஸ் கணக்கை அப்போதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒரு மைனஸ் மட்டும் இருந்தால் சிக்னலே ஒன்றையொன்று தின்றுவிடும்.

கடை சாத்தும்போது அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். "கரண்ட் வெளியிலேர்ந்து வரலைப்பா. காந்தம் சும்மா இருக்கு, கம்பி ஆடுது, அதுலதான் கரண்ட் பொறக்குது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இது மோட்டார் இல்லடா, டைனமோ" என்றார்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். நம் அப்பா அம்மாவுக்குப் பாடம் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வேலையில் நம் பாடம் இருக்கிறது. வீட்டில் போய்க் கேளுங்கள், நமக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள்.

ஜூனியர்களுக்கு ஒரு யோசனை. பழைய ரிலே காயில் ஒன்றின் மையத்தில் ஒரு காந்தத்தை ஒட்டி, அதற்கு மேலே ஒரு எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, காயில் முனைகளை லேபில் உள்ள சி.ஆர்.ஓ.வில் மில்லிவோல்ட் ரேஞ்சில் கொடுத்து, கம்பியை மீட்டிப் பாருங்கள். திரையில் அலை ஆடும். அதைப் பார்த்த பிறகு ஃபாரடே விதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.