இணைப்பும் நிபந்தனைகளும்: மைசூர் தரும் பாடம்

தனியாட்சி நடத்திய ஒரு நாடு பெரியதோர் அரசியல் ஒன்றியத்தில் சேரும்போது இரு வினாக்கள் எழுகின்றன. எந்த நிபந்தனைகளின்பேரில் சேர்வது? சேர்ந்தபின் உள்ளூர் ஆட்சிக்கு எஞ்சும் அதிகாரம் எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியம் 1993-இல் கோபன்ஹேகனில் வகுத்த விதிகள், மக்களாட்சியையும் சந்தைப் பொருளாதாரத்தையும் ஒன்றியச் சட்டங்களை ஏற்கும் திறனையும் முன்நிபந்தனைகளாக்கின. இந்திய ஒன்றியத்தில் மைசூர் சேர்ந்தபோது வரிசை வேறாக இருந்தது. இணைப்பு முதலில் வந்தது. மற்றவை படிப்படியாகப் பின்தொடர்ந்தன.

1947 ஆகஸ்டில் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார் இணைப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டார். பாதுகாப்பு, வெளியுறவு, செய்திப் போக்குவரத்து ஆகிய மூன்று துறைகளே ஒன்றியத்திற்குச் சென்றன. வருங்கால அரசியலமைப்பை ஏற்கும் கடப்பாடு எதையும் அந்த ஆவணம் மன்னர் மீது சுமத்தவில்லை.

மக்களாட்சி என்னும் நிபந்தனையை விதித்தவர்கள் மைசூர் மக்களே. பொறுப்பாட்சி கோரி 1947 செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி மூண்டது. அக்டோபரில் கே.சி. ரெட்டியின் தலைமையில் அமைச்சரவை அமைந்தது. 1949-இல் ஒன்றியத்தின் சட்டமியற்றும் அதிகாரம் விரிவாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் இந்திய அரசியலமைப்பையே மைசூர் ஏற்றது. 1950 ஜனவரி 26 முதல் அது 'பி' பிரிவு மாநிலமாயிற்று, மன்னர் ராஜபிரமுகரானார்.

கடினமான கட்டம் நிதி ஒருங்கிணைப்பு. 1950 ஏப்ரல் 1 முதல் மைசூர் ரயில்வே ஒன்றியத்தின் வசமாயிற்று. மைசூர் நகரின் அக்ரஹாரத்தில் கடை நடத்திய வணிகர் அதுவரை சமஸ்தானத்திற்குச் செலுத்திய வருமான வரியும் மத்திய வரியாயிற்று. பள்ளி, மருத்துவமனை, பாசனம் ஆகிய பொறுப்புகளோ மாநிலத்திடமே இருந்தன. வருவாய் போய்ச் செலவு மட்டும் நின்றால் இணைப்பு மக்களுக்குச் சுமையாகும். வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு இதற்கு வழி கண்டது. இழந்த வருவாய்க்கும் குறைந்த செலவுக்கும் இடைப்பட்ட தொகையை மத்திய அரசு ஈடுசெய்யும் ஏற்பாடு அது. அரசியலமைப்பின் 278-ஆம் பிரிவு இத்தகைய உடன்படிக்கைகளுக்குப் பத்தாண்டு உச்சவரம்பு வைத்தது.

1956-இல் மாநிலச் சீரமைப்புடன் 'பி' பிரிவும் 278-ஆம் பிரிவும் மறைந்தன. அதன்பின் மைசூரும் பிற மாநிலங்களைப் போலவே நிதிக் குழுவின் பரிந்துரைகளின்படி பங்கு பெற்றது. 1973-இல் அது கர்நாடகம் எனப் பெயர் பெற்றது.

அதிகார மாற்றத்தை ஒரு கையொப்பத்தால் தொடங்கலாம். நிர்வாகமும் நிதியும் இணைவதற்குக் காலமும் ஈட்டுத்தொகையும் தேவை. புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும் எந்த ஒன்றியமும், உள்ளூர் அரசின் கடமைகளுக்கு ஏற்ற வருவாயை முன்கூட்டியே உறுதிசெய்தல் நலம்.