படத்தில் உள்ள காலும் பலகையில் உள்ள காலும்

மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக இடம்பெயர்ந்து புதிய காணிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு, இரவுக் காவலுக்கு விளக்கு வேண்டும். சூரிய விளக்கு பழுதானால் ஒரு சிறு உறுப்பை மாற்றினாலே பலவேளை போதும். ஆனால் கால் மாறிப் பூட்டினால் புதிய உறுப்பும் எரிந்துபோகும். ஆகவே இப்பாடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

1. குறியீடு இடத்தைக் காட்டாது
மின்சுற்றுப் படம் ஒவ்வொரு காலும் செய்யும் வேலையையே காட்டும். 555 என்னும் ஐ.சி.யின் 8ஆம் கால் (மின் வழங்கல்) படத்தில் பெரும்பாலும் மேலேயும், 1ஆம் கால் (மறை முனை) கீழேயும் இருக்கும். உண்மை உறுப்பில் அவ்விரண்டும் எதிரெதிரே உள்ளன. ஆகையால் இடத்தை அல்ல, எண்ணைப் பாருங்கள்.

2. ஐ.சி.யின் கால்களை எண்ணுதல்
பள்ளம் உள்ள முனையை மேலே பிடியுங்கள். இடப்பக்கத்து முதற் கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் மேலேறி எண்ணுக. பலகையைப் புரட்டிப் பற்றாசுப் பக்கத்தைப் பார்க்கும்போது இந்த வரிசை இடம் வலமாக மாறிவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

3. மூன்று கால் உறுப்புகள்
தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்க வைத்தால், இடமிருந்து வலமாக:
பீ.சீ. 547: கலெக்டர், பேஸ், எமிட்டர்.
சீ 1815: எமிட்டர், கலெக்டர், பேஸ்.
எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க:
7805: உள்ளீடு, மறை முனை, வெளியீடு.
வடிவம் ஒன்றானாலும் வரிசை வேறு. பழையதைக் கழற்றுமுன் அதன் எண்ணையும் முகம் பார்த்த திசையையும் கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள்.

4. சரிபார்த்தல்
பற்றரியைக் கழற்றுங்கள். பல்மானியைத் தொடர்ச்சி நிலையில் வைத்து ஒரு முனையைப் பற்றரியின் மறைக் கம்பியிலும், மறு முனையை 555இன் 1ஆம் காலிலும் தொடுங்கள். ஒலி எழுந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கக்கூடும். படத்திலுள்ள இன்னும் இரண்டு இணைப்புகளையும் அவ்வாறே சோதித்த பின்னரே பற்றாசு வையுங்கள்.

எச்சரிக்கை: யானை வேலியின் மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். பற்றரியைக் கழற்றிய பின்னரும் அதன் கொள்ளளவியில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பயிற்சி: பழுதான வானொலிப் பலகை ஒன்றில் ஓர் ஐ.சி.யின் 1ஆம் காலை மேற்பக்கத்தில் கண்டுபிடியுங்கள். பின் பலகையைப் புரட்டி, அதே காலை அடிப்பக்கத்தில் மையால் குறியிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் செய்யுங்கள்.