முழங்கை முறிந்தால்... ஆபரேஷன் இன்று இரவா, நாளைக் காலையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆம்பூரில் ஒரு வீடு. அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு வயசுப் பையன் மாடிப்படியில் சறுக்கி விளையாடும்போது இடது கையை ஊன்றி விழுந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் முழங்கை மூட்டு பந்துபோல வீங்கிவிட்டது. வேலூரில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு விலகியிருக்கும்மா. நாளைக் காலையில முதல் கேஸா எடுத்துக்கலாம்" என்கிறார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "ராத்திரி முழுக்க குழந்தை இப்படியே இருக்கணுமா டாக்டர்?"

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சம்பவம்தான் இது. கேள்வியும் நியாயமானதே.

எது முறிகிறது?

மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி மெலிந்திருக்கும். கையை ஊன்றி விழும்போது அந்த இடம் முறியும். ஐந்திலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இது அதிகம். விலகாத முறிவுக்குக் கட்டு போதும். நன்றாக விலகியிருந்தால், மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தி, மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். மூன்று, நான்கு வாரத்தில் கம்பியை எடுத்துவிடலாம்.

காத்திருக்கலாமா?

முன்பெல்லாம் நடுராத்திரியானாலும் உடனே ஆபரேஷன் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகர டாக்டர்கள் இப்படிப்பட்ட 198 குழந்தைகளை ஆராய்ந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், அதற்குப் பின் ஆனவர்களுக்கும் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கையில் ரத்த ஓட்டம் சரியாக இருந்தால், நல்ல ஓய்வெடுத்த டாக்டர் குழு காலையில் செய்வதே மேல். அதுவரை சிம்பு வைத்து, வலி மருந்து கொடுத்து, கையை அடிக்கடி சோதிப்பார்கள்.

காலைவரை பொறுப்பது வேறு, நாள்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு. குழந்தை எலும்பு சீக்கிரம் கூடிவிடும். கோணலாகக் கூடினால் கை வளைந்தே நிற்கும்.

எப்போது ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது?

* கை வெளுத்து, சில்லிட்டு இருந்தால். மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால்
* எலும்பு தோலைக் கிழித்திருந்தால்
* வலி மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால். விரலை மெல்ல நீட்டிவிட்டாலே குழந்தை அலறினால்
* விரல் மரத்துப்போனால், அசைக்க முடியாவிட்டால்

முழங்கைக்கு முன்பக்கமாகத்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் முக்கிய நரம்பும் ஓடுகின்றன. ரத்தம் போகாத தசை சில மணி நேரத்திலேயே சாக ஆரம்பிக்கும்.

இறுக்கிக் கட்டாதீர்கள்

எலும்பு முறிவு என்றதும் நம் பக்கத்தில், "புத்தூர் கட்டு போட்டுடலாமா?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். ஆனால் எக்ஸ்ரே இல்லாமல் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியாது. அதைவிட முக்கியம், வீங்கும் கையில் இறுக்கமான கட்டு. அது மூங்கில் பத்தையோ, மாவுக்கட்டோ, யார் போட்டதோ, ஆபத்து ஒன்றுதான். தசை சுருங்கி விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடலாம். ஜெர்மன் டாக்டர் வோல்க்மான் 1881-லேயே இதை விளக்கி எழுதினார். நாளைக்கு பேனா பிடிக்க வேண்டிய கை அல்லவா?

வீட்டில் என்ன செய்யலாம்?

கையை இழுக்காதீர்கள், நீவாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். இருக்கிற நிலையிலேயே அட்டையோ, மடித்த பத்திரிகையோ வைத்துத் துணியால் தளர்வாகத் தாங்குங்கள். வளையல், மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள். "பசியோட இருக்கானே" என்று வழியில் பிரியாணியோ பாலோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்தில் விபத்து சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 108-ஐ அழைக்கலாம்.

டாக்டர் "காலையில" என்றால் பதறாதீர்கள். "கையில ரத்த ஓட்டம், நரம்பு ரெண்டும் சரியா இருக்கா? ராத்திரி யார் பார்ப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். நீங்களும் விழித்திருந்து விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் காலைவரை பொறுக்கும். இந்தச் சோதனை பொறுக்காது.