பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்: திருப்பதி பேஸ்ட்ரி வேலைக்கு ஒரு டிராமிசு பயிற்சி

திருப்பதியில் போய் "எனக்கு எக்லெஸ் கேக் போடத் தெரியும்" என்று வேலை கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். திருமலையில் முட்டைக்கு இடமே கிடையாது. கீழே ஊரிலும் யாத்திரிகர்களை நம்பி நடக்கும் சைவ ஓட்டல்கள் ஏராளம். இங்குள்ள பேக்கரி மாஸ்டர்களுக்கு முட்டையில்லாத ஸ்பாஞ்ச் என்பது தினப்படி வேலை.

அதே சமையலறையில் ஒரு விருந்தாளி வந்து "எனக்குப் பாலும் ஆகாது" என்று சொல்லட்டும். கை அப்படியே நின்றுவிடும். காரணம் எளிது. முட்டையை எடுத்த இடத்தில் இத்தனை காலமாக நாம் வைத்தது பாலைத்தான்: கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால்பவுடர். இப்போது அதுவும் போனால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பேஸ்ட்ரி வேலைக்குத் தயாராகும் சித்தூர், திருப்பதி இளைஞர்கள் இந்த இரண்டாவது படியில்தான் நேரத்தைப் போட வேண்டும். முதல் படி எல்லோரிடமும் இருக்கிறது.

கேட்கிறவர்கள் யார்? ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலையாக வந்து போகும் ஜப்பானியர்களைப் பாருங்கள். கிழக்காசியாவில் வளர்ந்த பலருக்குப் பெரியவர்களான பிறகு பாலில் உள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. ஐ.ஐ.டி.யும் ஐசரும் 2015 முதல் இங்கே இயங்குகின்றன. வளாகத்து மாணவர்களில் வீகன் உணவு கேட்பவர்கள் உண்டு. பால் புரதமே ஒவ்வாத குழந்தைகளோடு தரிசனத்துக்கு வரும் குடும்பங்களும் இருக்கின்றன. இந்த மூவரும் "பால் வேண்டாம்" என்று ஒரே மாதிரி சொன்னாலும் காரணம் வேறு வேறு. லாக்டோஸ் பிரச்சினை உள்ளவருக்குத் தவறிப்போய்க் கொஞ்சம் பால் சேர்ந்தால் வயிறு கெடும். வீகன் உணவுக்காரருக்கு அது நம்பிக்கைத் துரோகம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ, கழுவாத விஸ்க்கில் ஒட்டியிருக்கும் க்ரீமே ஆபத்தாகலாம். ஆர்டர் எடுக்கும்போதே "எதனால் வேண்டாம்?" என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம், செய்முறையைவிட முதலில் வர வேண்டும்.

பயிற்சிக்கு ஏன் டிராமிசு? அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. இத்தாலியின் ட்ரெவீசோ நகரில் லே பெக்கெரியே உணவகத்தில் 1970களின் தொடக்கத்தில் மெனுவுக்கு வந்த இனிப்பு இது. பக்கத்து ஃப்ரியூலி வட்டாரத்துக்காரர்கள் எங்களுடையதுதான் மூத்தது என்று இன்றும் வாதாடுவார்கள். ட்ரெவீசோ செய்முறையில் இருப்பது முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை, மஸ்கார்போனே, சவொயார்டி பிஸ்கட், காபி, கோகோ. அவ்வளவுதான். அந்த மூலச் செய்முறையில் மது கிடையாது என்பதை இந்த ஊரில் வேலை பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்சாலா ஒயினும் ரம்மும் மற்றவர்கள் பின்னால் சேர்த்தவை. ஆக, ஆறு பொருளில் மூன்று முட்டையையும் பாலையும் நம்பி நிற்கின்றன. இதை மாற்றத் தெரிந்துவிட்டால் சீஸ்கேக்கும் மூஸும் பெரிய விஷயமில்லை.

ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மஞ்சள்கரு க்ரீமைக் கெட்டியாக்குகிறது, நாக்கில் வழவழப்பு தருகிறது. மஸ்கார்போனே என்பது க்ரீமைச் சூடாக்கி அமிலம் சேர்த்துத் திரட்டியது. அதில் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல், புளிப்பு லேசாக. பிஸ்கட்டில் அடித்த வெள்ளைக்கரு காற்றைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் அது காபியை உறிஞ்சியும் கரையாமல் நிற்கிறது. நாம் தேட வேண்டியது இந்த வேலைகளுக்கு ஆள்.

டப்பாவின் பின்பக்கம்

க்ரீமுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. கேக் அலங்காரத்துக்கு வாங்கும் விப்பிங் டாப்பிங் டப்பாவில் "நான்-டெய்ரி" என்று போட்டிருக்கும். அதை நம்பி வீகன் என்று பரிமாறிவிடாதீர்கள். டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள்: பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆகாதது அந்தப் புரதம்தான். கடையில் வாங்கும் ரஸ்க், பிஸ்கட், மார்ஜரின், ட்ரிங்கிங் சாக்லேட் எல்லாவற்றுக்கும் இதே பரிசோதனை. பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நம் நாட்டில் பச்சைப் புள்ளி என்றால் முட்டையும் இறைச்சியும் இல்லை என்றுதான் பொருள், பால் தாராளமாக இருக்கலாம்.

எனவே பிஸ்கட்டை நீங்களே செய்வது நல்லது. மைதா 150 கிராம், சோளமாவு 20 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இன்னொரு பாத்திரத்தில் சோயா பால் 180 மில்லியில் வினிகர் 1 டேபிள்ஸ்பூன் விட்டு ஐந்து நிமிடம் வையுங்கள்; லேசாகத் திரியும், திரியட்டும். வாசனையில்லாத எண்ணெய் 50 மில்லி சேர்த்து இரண்டையும் கலந்து, தாள் போட்ட தட்டில் ஒரு விரல் தடிமனுக்கு ஊற்றி 175 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். ஆறியதும் விரல் விரலாக வெட்டி, 130 டிகிரியில் மறுபடி அரை மணி நேரம் காயவிடுங்கள். வெட்டிய பக்கம் தொட்டால் சொரசொரப்பாக, அழுத்தினால் உள்ளே வாங்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது முறை காயவைப்பதை அவசரத்தில் விட்டுவிட்டால், காபி பட்ட ஐந்தாவது நிமிடம் அடித்தட்டு கூழாகிவிடும்.

முந்திரி க்ரீம்

முந்திரிப் பருப்பில் ஏறக்குறைய 45 சதவீதம் கொழுப்பு. மஸ்கார்போனேயின் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் நம் பக்கம் இல்லை. ஆந்திராவிலேயே பலாசா முந்திரிக்குப் பேர் போன ஊர். அரைக்கப் போகிற பருப்புக்கு முழு முந்திரி வாங்காதீர்கள். மொத்தக் கடையில் இரண்டாகப் பிளந்ததும் துண்டும் தனித்தனி ரகமாகக் கிடைக்கும், விலையும் இறங்கும். அரைத்தபின் வித்தியாசம் தெரியாது. வெள்ளையாக, சிக்கு வாடை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் வாயில் போட்டுப் பாருங்கள்.

எட்டுப் பேருக்கு: துண்டு முந்திரி 200 கிராமைக் கொதிநீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். முதல் பிழிவுத் தேங்காய்ப்பால் 200 மில்லி, சர்க்கரை 80 கிராம், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெய் 60 கிராம் சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணல் தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் அரைபட வேண்டும். கடைசியில் மெல்லிய வலையில் வடிகட்டிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கிறது. மே மாதத் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்பெட்டியில் கல்லாக நின்ற க்ரீம், மேசைக்குப் போன பத்தாவது நிமிடம் தட்டில் ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். வெளிநாட்டுச் செய்முறைகளை அப்படியே எடுத்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குச் சைனா கிராஸ் தேவை. அந்தக் கடற்பாசித் தூள் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உறையும், ஒருமுறை உறைந்தால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் மறுபடி இளகும்.

தூள் 2 கிராமை 100 மில்லி தண்ணீரில் கலக்கி இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அரைத்த முந்திரி வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த விழுதில் ஊற்றினால் பாசி பட்ட இடத்திலேயே உறைந்து சேமியா மாதிரி நூல் நூலாக நிற்கும், அதற்குப் பிறகு என்ன அடித்தாலும் சரிவராது. கலந்ததும் மூடி இரண்டு மணி நேரம் குளிரவையுங்கள். இறுகிய கட்டியை மறுபடி மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. பளபளப்பாக, கரண்டியிலிருந்து மெதுவாக மடிந்து விழும் க்ரீம் கிடைக்கும். இந்த இரண்டாவது சுற்றுதான் மஞ்சள்கருவின் வேலையைச் செய்கிறது. பலர் இதைச் செய்யாமல் விட்டு, முந்திரி அல்வா போன்ற ஒன்றை டிராமிசு என்று பரிமாறுகிறார்கள்.

ராயலசீமா நிலக்கடலை மலிவாயிற்றே, அதில் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் கடலையின் வாசனை காபியை அமுக்கிவிடும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முந்திரியில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த அளவுக்குச் சோளமாவைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கெட்டிக் கூழைச் சேருங்கள். அதற்கு மேல் போனால் மாவு ருசி தலைகாட்டும்.

காபிக்கு நம் ஃபில்டர் டிகாக்ஷனே போதும், எஸ்ப்ரெசோ மெஷின் தேடி அலைய வேண்டாம். அரக்கு காபித்தூள் கிடைத்தால் நல்லது. முதல் டிகாக்ஷன் 200 மில்லியில், சூடாக இருக்கும்போதே சித்தூர் வெல்லம் 40 கிராம் கரைத்து வடிகட்டி முழுதாக ஆறவையுங்கள். வெல்லத்தை க்ரீமில் போட ஆசை வரும். போட்டால் நிறம் மங்கி அடுக்கு தெரியாது. பிஸ்கட்டை ஒரு பக்கம் ஒரு நொடி, மறுபக்கம் ஒரு நொடி நனைத்து அடுக்குங்கள். மேலே க்ரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம். ஓர் இரவு குளிரில் இருக்கட்டும்.

சித்தூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் மாவட்டமே தோத்தாபுரி மாம்பழக் கூழுக்குப் பேர் போனது. கோடையில் காபிக்குப் பதில் அந்தக் கூழை நடு அடுக்காக வைக்கலாம். கூழில் தண்ணீர் அதிகம். அடி கனமான பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை கிளறி, ஆறவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். அதை டிராமிசு என்று அழைக்காமல் மாம்பழ அடுக்கு என்றே மெனுவில் போடுவது நேர்மை.

விற்பதற்கு முன்

வீட்டிலிருந்து செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். வீகன் உணவுக்கென்று 2022இல் தனி விதிகளே வந்துவிட்டன. பச்சை நிற "வி" எழுத்து முத்திரையை அந்த விதிகளின்படி ஒப்புதல் வாங்காமல் ஒட்டக் கூடாது. தாவரப் பொருளில் செய்ததைப் பால், வெண்ணெய், சீஸ் என்று லேபிளில் பெயரிடுவதையும் ஆணையம் தடுத்திருக்கிறது. தேங்காய்ப்பால் போல வழக்கிலேயே ஊறிப்போன பெயர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே "வீகன் மஸ்கார்போனே சீஸ்" என்று பெட்டியில் போடாதீர்கள். முந்திரி, சோயா, கோதுமை மூன்றும் ஒவ்வாமைப் பட்டியலில் வருபவை. பால் இல்லை என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு முந்திரி இருப்பதைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பது ஒரு உயிரோடு விளையாடுவது. குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே இரண்டு நாள், அதற்கு மேல் விற்க வேண்டாம்.

விலை போடும்போது மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முந்திரிதான் கணக்கை இழுக்கும். அதனால் பெரிய துண்டாக வெட்டாமல் சிறு கண்ணாடிக் கோப்பைகளில் போடுங்கள். இந்த க்ரீம் கனமானது, அளவு குறைவாக இருந்தால்தான் சாப்பிடுபவருக்கும் திகட்டாது.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஊரிலேயே வாய்ப்பு இருக்கிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியன் கலினரி இன்ஸ்டிட்யூட்டுக்கு நாட்டில் இரண்டே வளாகங்கள்: ஒன்று நொய்டா, இன்னொன்று திருப்பதி. சமையற்கலையிலேயே அங்கே பட்டம் வாங்கலாம். மாநில ஓட்டல் மேலாண்மை நிறுவனமும் திருப்பதியில் உண்டு. சேர்க்கை நேரத்தில் போய் நின்று சமையலறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படித்தவரோ, பேக்கரியில் நின்று பழகியவரோ, ஓட்டலில் கமி (இளநிலைச் சமையல்காரர்) வேலைக்குப் போனால் ஃபுட் ட்ரையல் இருக்கும். "டெஸர்ட் ஏதாவது செய்து காட்டு" என்றால் பலர் சாக்லேட் லாவாவுக்குப் போவார்கள். நீங்கள் இதைச் செய்யுங்கள். இரண்டு கோப்பை வையுங்கள்: ஒன்று குளிர்பெட்டியிலிருந்து அப்போது எடுத்தது, இன்னொன்று அரை மணி நேரமாக வெளியே இருப்பது. இரண்டாவது கோப்பையும் நிலைகுலையாமல் நிற்பதைப் பார்த்ததும் செஃப் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். பாசி எத்தனை சதவீதம், ஏன் அவ்வளவு, இதே மேசையில் பால் க்ரீம் வேலை நடந்தால் என்ன செய்வாய் என்று. தனிப் பாத்திரம், தனி விஸ்க், நாளின் முதல் வேலையாகப் பாலில்லாததைச் செய்து மூடிவைத்துவிடுவது என்று தயங்காமல் பதில் சொல்லுங்கள். பொருள் பட்டியலும் ஒவ்வாமைக் குறிப்பும் எழுதிய அட்டையைக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கொண்டுபோவதானால் 70 கிலோமீட்டர் பயணம். கோப்பைகளை முந்தின இரவே குளிரவைத்து, தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்துங்கள். கோகோத் தூளை மட்டும் முன்கூட்டியே தூவ வேண்டாம். ஈரம் இழுத்துக் கறுத்துவிடும். சின்ன டப்பாவில் தனியாக எடுத்துப்போய், அங்கே பரிமாறுவதற்குச் சற்று முன் சல்லடையில் தட்டித் தூவுங்கள்.