கயிறு ஏறக் கை மட்டும் போதுமா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளில் சிலர், கயிறு ஏறத் தெரியாவிட்டால் தேர்வில் கழித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஆந்திர கான்ஸ்டபிள் உடல்தகுதித் தேர்வில் இருப்பவை 1,600 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல். கயிறு வருவதெல்லாம் வேலை கிடைத்த பிறகு, பயிற்சியில்.

புஜபலம் உள்ளவனால்தான் கயிறு ஏற முடியும் என்பது அடுத்த நம்பிக்கை. இது போட்டிக் காலத்து மிச்சம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கயிறேற்றம் பதக்கப் போட்டியாக இருந்தது. 14 மீட்டர் கயிற்றின் உச்சியைத் தொட்டவர்கள் இரண்டே பேர். 1904 செயின்ட் லூயிஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் அய்சருக்கு ஒரு கால் மரக்கால்! கையால் மட்டுமே ஏறுவது அந்தப் போட்டியின் முறை. 1932-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அது இல்லை.

உடற்பயிற்சிக்கு ஏறுகிறவர் அந்த முறையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கயிறு வலது காலின் வெளிப்புறமாக இறங்கட்டும். முழங்காலை மார்புவரை மடக்குங்கள். இடது பாதத்தால் கயிற்றை வலது உள்ளங்காலுக்கு அடியில் வளைத்து, வலது புறங்காலின் மேல் ஏற்றி, அழுத்தி மிதியுங்கள். கயிறு பூட்டிக்கொள்ளும். அதன்மேல் எழுந்து நின்றால் பாரத்தைத் தொடை வாங்கிக்கொள்ளும். கைக்கு மிஞ்சுவது பிடித்துக்கொள்ளும் வேலைதான். முதல் சில நாள் தரையில் உட்கார்ந்தபடியே இந்தப் பூட்டைப் பழகுவது நல்லது.

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் திருமலை உட்லோத்ஸவத்தில் வழுக்குமரம் ஏறுகிறவனுக்குக் கயிறு சுலபம் என்று நினைப்பதும் சரியல்ல. மரத்தைக் கட்டித் தழுவி ஏறலாம். கயிறு ஆடும், சுழலும். அங்கே உதவும் வலு வேறு, இங்கே வேண்டிய நுணுக்கம் வேறு.

பெண்களுக்கு ஆகாது என்பவர்கள் கயிறு மல்லர் கம்பத்தைப் பார்க்க வேண்டும். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்வி, முடிச்சே போடாமல் அந்தரத்தில் ஆசனம் போடுகிறார்கள் சிறுமிகள். நம் விழுப்புரம் இக்கலைக்குப் பேர்போன ஊர்.

எனக்கு உண்மையான கவலை இறங்குவதில்தான். சர்ரென்று வழுக்கி இறங்குவதைக் கெத்தாக நினைக்கிறார்கள். உராய்வுச் சூட்டில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கை தானாக விட்டுவிடும். பூட்டைத் தளர்த்தித் தளர்த்தி, கைமாற்றிக் கைமாற்றி இறங்க வேண்டும். ஏறும்போதே இறங்குவதற்கான வலுவை மிச்சம் வையுங்கள். கீழே கனமான மெத்தை இல்லையென்றால் அன்று ஏறவே வேண்டாம்.