வாசலில் நின்று அனுமதி கேட்டல்

லால்குடியில் நம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்று அண்மையில் நடந்தேறியது. நிகாஹ் முடிந்து, விருந்தும் ஓய்ந்த பிற்பகல் நேரம். பெண்கள் கூடியிருந்த உள்ளறைக்கு வந்த இளைஞர் ஒருவர் கைபேசியில் நாலைந்து படங்கள் எடுத்துத் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். மஃரிபுக்குள் துபாயிலிருந்து அவருக்கு வாழ்த்து வந்தது. வாழ்த்தியவர் யாரென்று பெண் வீட்டாரில் ஒருவருக்கும் தெரியாது. "தம்பி, எங்களை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று மணப்பெண்ணின் பெரியம்மா வருந்த, "நான் என்ன அன்னியனா பெரியம்மா? நம்ம வீட்டு ஆளுதானே" என்றார் அவர்.

வீட்டு ஆள்தான். ஆனால் திருமறையின் 24ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். 27, 28ஆம் வசனங்கள் பிறர் இல்லத்துக்குள் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையாதீர்கள் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள் என்றும் விதிக்கின்றன. 58ஆம் வசனமோ வீட்டுக்குள்ளேயே இருக்கும் சிறுவர்களும் பணியாளர்களும்கூட ஒரு நாளில் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறது.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவர் இல்லத்துக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நில்லாமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்களாம். அக்காலத்து வாசல்களில் திரை கிடையாது. ஒருமுறை தம் அறையின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்ததை அண்ணலார் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். அறைக்குள் இருந்தவர் துவாரத்தை ஏன் அடைக்கவில்லை என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் இன்று நாம் நேர்மாறாகவே கேட்கிறோம். 2022 ஜனவரி முதல் நாளன்று 'புல்லி பாய்' என்ற செயலி இணையத்தில் தோன்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களது சொந்தப் பக்கங்களிலிருந்து திருடி, ஏலம் விடுவது போல் காட்டியது அது. 2021 ஜூலையிலும் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் இதே இழிசெயல் நடந்திருந்தது. விற்பனை எதுவும் நடக்கவில்லை, அவமானப்படுத்துவதே நோக்கம். பத்திரிகையாளர்கள், சமூக ஊழியர்கள், காணாமற்போன மாணவர் ஒருவரின் முதிய தாயார் கூட அதில் இடம்பெற்றனர். மும்பை, டில்லிப் போலீசார் கைது செய்தவர்களில் சிலர் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். தங்களை மறைக்கச் சீக்கியர் போன்ற பெயர்களையும் சூடியிருந்தனர் என்று போலீசார் கூறினர்.

இந்தச் செய்தியைப் படித்த பெற்றோர் பலர், "அந்தப் பெண்கள் ஏன் படம் போட்டார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். லால்குடியிலிருந்து திருச்சிக் கல்லூரிகளுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரும் நம் பெண்மக்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், கைபேசியைப் பிடுங்குவோம். சிலர் படிப்பையே நிறுத்துவார்கள். அதனாலேயே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எட்டிப் பார்த்தவனை விட்டுவிட்டு வீட்டுக்காரியைத் தண்டிப்பதற்கு மார்க்கத்தில் எங்கே ஆதாரம்? நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

பெயர் சூடுவதைப் பற்றியும் ஒன்று. ஜாபிர் (ரலி) அவர்கள் கதவைத் தட்டியபோது "யார்?" என்று கேட்ட அண்ணலாருக்கு "நான்" என்று மட்டும் பதில் வந்தது. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி, அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பும் நம் பையன்கள் அந்த "நான்" அளவுக்குக்கூடத் தங்களைச் சொல்வதில்லை.

ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சு அமானிதம் என்பதும் நபிமொழியே. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் பூட்டப்பட்டே செல்கின்றன. இடையில் எவரும் படிக்க இயலாது. ஆனால் பெற்றவரே ஸ்கிரீன் ஷாட் எடுத்து மைனி குழுவுக்கும் மச்சான் குழுவுக்கும் அனுப்பினால் பூட்டு என்ன செய்யும்?

இனி, படம் தவறாகப் பரவினால் முதலில் அழிக்காமல் அதன் நகலையும், இணைய முகவரியையும், நேரத்தையும் குறித்துவையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். வாட்ஸ்அப்பில் நம் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அமைப்புப் பகுதியில் நாமே தீர்மானிக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதைக் காட்டிக்கொடுப்பது நல்லது.

அந்தத் திருமண வீட்டு இளைஞர் அன்றிரவே படங்களை அழித்துவிட்டார். மறுநாள் வலீமாவில் கைபேசியோடு அறை வாசலுக்கு ஓரமாக வந்து நின்று, "பெரியம்மா, எடுக்கலாமா?" என்றார். உள்ளேயிருந்து "வேணாம் தம்பி" என்று பதில் வந்தது. திரும்பிப் போய்விட்டார்.