உப்புப் பார்க்க இரண்டு கரண்டி

கொதிக்கும் குழம்பை ஒரு கரண்டி எடுத்து, ஊதி உறிஞ்சி, உப்பு சரி என்றதும் அதே கரண்டியை உள்ளே விட்டுக் கிளறுவது பல வீடுகளில் நடப்பதுதான். "கொதிக்கிறதுதானே, எச்சில் என்ன செய்யும்?" என்பார்கள். கொதிக்கும் குழம்புக்கு அந்தச் சமாதானம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கைப்பழக்கம் குழம்போடு நிற்காது. தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, கோசுமல்லி, இறக்கி வைத்த பாயசம் என்று இனி அடுப்பு ஏறாத பண்டங்களுக்குள்ளும் அதே கரண்டி போகும். ஆபத்து அங்கேதான்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, நோய் இல்லாதவர்களின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இருக்கும். சமைத்து இறக்கிய உணவில் அது சேர்ந்து, உணவு மணிக்கணக்கில் வெளியே இருந்தால், பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகும். நஞ்சு அப்படியே இருக்கும். எச்சில் பதத்தையும் கெடுக்கும். அதிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்துவிடும். குழந்தைக்கு ஊட்டி மீந்த கஞ்சி கிண்ணத்திலேயே நீர்த்துப்போவது இதனால்தான்.

செய்ய வேண்டியது

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் நாலைந்து சின்ன ஸ்பூன்களைப் போட்டு வையுங்கள். கிளறும் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, ஸ்பூனைத் தொடாமல் சற்று மேலிருந்து அதில் ஊற்றுங்கள். பாத்திரத்தை விட்டுத் தள்ளி நின்று, ஆறவிட்டுச் சுவையுங்கள். வாயில் வைத்த ஸ்பூன் நேராகக் கழுவும் தொட்டிக்குப் போகட்டும். மறுபடி பார்க்க வேண்டுமா? வேறு ஸ்பூன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சுடச்சுட நாக்கில் பட்டால் உப்பு மட்டாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டால் சாப்பிடும்போது கரிக்கும். ஆறவிட்டுப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

உள்ளங்கையில் விடலாமா?

கரண்டி வாயில் படாததால் நம்மவர்களின் இந்த வழக்கம் நல்லதுதான். ஆனால் நக்கிய கை அடுத்த நொடியே உப்பு ஜாடிக்குள் போகிறது, மூடியைத் தூக்குகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலை. புடவைத் தலைப்பில் துடைத்தால் கணக்கில் வராது.

எப்போது பார்ப்பது?

ரசத்துக்கு நுரை கட்டுவதற்குச் சற்று முன். வற்றக்கூடிய குழம்புக்கு வற்றிய பிறகு. முன்பே சரியாக இருந்தால் வற்றியதும் கரிக்கும். பொரியலுக்குத் தேங்காய் தூவும் முன். நாலைந்து பண்டங்களை வரிசையாகச் சுவைத்தால் நாக்கு மரத்துப்போகும். நடுவில் வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளியுங்கள்.

வாயில் வைக்கக் கூடாதவை

கோலா உருண்டைக் கறி, மீன் கட்லெட் கலவை, முட்டை சேர்த்த கேக் மாவு ஆகியவற்றைப் பச்சையாகச் சுவைக்க வேண்டாம். கோலாவும் கட்லெட்டும் என்றால் சிறிது கிள்ளி எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். வடை மாவுக்கும் அதுவே நல்ல வழி. ஊறுகாய் ஜாடியில் எச்சில் கரண்டியோ ஈரக் கரண்டியோ பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

யார் பார்ப்பது?

சளி, இருமல், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடட்டும். வாந்தி, பேதி கண்டவர்கள் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிறருக்காகச் சமைக்கவே வேண்டாம். விசேஷச் சமையலில் ஆளுக்கொரு கரண்டி விடாமல், ஒருவரே ருசி பார்க்கட்டும்.

கோயில் மடைப்பள்ளியில் நிவேதனம் ஆகும்வரை யாரும் வாயில் வைப்பதில்லை. அங்கே அளவும் மணமும்தான் துணை. வீட்டிலும் இத்தனை டம்ளர் பருப்புக்கு இத்தனை ஸ்பூன் உப்பு என்று அளந்து போட்டுப் பழகுங்கள். ருசி பார்ப்பது ஒரே தடவையோடு முடிந்துவிடும்.